மேசை மேல் மைத்துனர்

அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். கணக்கு பிசகக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, நான். பிரேம் போடும் கடை வைத்திருப்பவன். யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச வராதவன். இரண்டு, என் மனைவி. என் முகத்தை நேராகப் பார்த்து மட்டுமே பேசுகிறவள். மூன்று, எங்கள் மகள். நான்கு, மகளைக் கட்டிய மாப்பிள்ளை. கம்பெனி கம்பெனியாகப் போய், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வாழ்க்கையில் இலக்கு வைத்துக்கொள்வது எப்படி என்று பாடம் நடத்துகிறவர். இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை நான் நம்பவே வெகுகாலம் ஆயிற்று. ஐந்து, பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் ஏணியைக் கேட்க வந்து அகப்பட்டுக்கொண்டவர். ஏணி வருஷத்தில் பெரும்பாகம் அவரிடம்தான் இருக்கும் என்பதால் அவருக்கு ஏணிக்காரர் என்றே பேர். ஆறு, என் மனைவியின் தம்பி.

இந்த ஆறாவது ஆளால்தான் மற்ற ஐந்து பேரும் உட்கார வேண்டி வந்தது.

மைத்துனர் தன் வீட்டில் சமையலறைச் சுவரை இடித்துக் கட்டுகிறார்கள், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் இருந்த பை சின்னதாக இருந்ததால் நானும் நம்பிவிட்டேன். வந்த புதிதில் இரண்டு கம்பளி கேட்டார். இப்போது மின்விசிறிக் காற்று பத்தவில்லை என்கிறார். இடையில் எவ்வளவு காலம் போயிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மனதுக்குள் நான் அவருக்கு வைத்திருந்த பேர் 'ஒரு வாரம்'.

தங்கினால் தங்கட்டும். எங்கே தங்கினார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் கடை அகலத்தில் ஒரு கதவு, நீளத்தில் இரண்டு கதவு. படங்களை மாட்டி வைக்கவும், வருகிறவர்கள் நின்று பேரம் பேசவும்தான் அங்கே இடம். மரம் வெட்டுவது, கண்ணாடி அறுப்பது, ஒட்டுவது எல்லாம் வீட்டின் பின்னறையில், என் மேசையில். சாதாரண மேசை அல்ல அது. தச்சரைப் பக்கத்திலேயே நிற்க வைத்து, மட்டம் பார்த்துப் பார்த்துச் செய்ய வைத்தது. அதன் மேல் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அங்கேயே நிற்கும். என் தொழிலுக்கு அது தாய் மாதிரி.

மைத்துனருக்கு முதுகுவலி. கெட்டியான, சமமான இடத்தில் படுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வந்த அன்றைக்கே பின்னறைக்குள் நுழைந்தார். மேசையைக் கையால் தட்டிப் பார்த்தார். "அத்தான், டாக்டர் சொன்னது இதைத்தான்" என்றார். ஏறிப் படுத்தார். அவ்வளவுதான்.

அன்று முதல் நான் தரையில் குந்திக் கண்ணாடி அறுக்கிறேன். என் தலைக்கு மேலே அவர் குறட்டை விடுகிறார். கண்ணாடி அறுக்கும்போது கை நடுங்கக் கூடாது. அவருடைய குறட்டைக்குத் தரையே நடுங்குகிறது. கையிலிருந்து நழுவிய ஆணி ஒன்றைத் தேடி ஒருநாள் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். மேலேயிருந்து தலையை மட்டும் நீட்டி, கொஞ்சம் சத்தமில்லாமல் தேடுங்கள் அத்தான் என்று கேட்டுக்கொண்டார்.

நேரே சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னேன். சுவரைப் பார்த்துச் சொன்னேன். சுவருக்கு நன்றாகவே புரிந்தது. மனைவியிடமும் சொன்னேன். "எனக்குன்னு கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தானே" என்றாள். ஒருவர் போதாதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் கண் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. எங்கள் தெருமுனையில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வராந்தா முழுக்க மாட்ட நாற்பது படங்கள். எல்லாம் கதவளவு. கண் தெரியாமல் வருகிறவர்களுக்குப் படம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி திறப்பு விழா. அதற்கு முந்தின நாள் நாற்பதும் சுவரில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் கடைத்தெருவில் இருக்கும் பெரிய கடைக்குப் போய்விடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. கதவளவு பிரேமைத் தரையில் குந்திச் செய்ய முடியாது. மேசை வேண்டும். மேசை மேல் மைத்துனர்.

அந்த வாரக் கடைசியில் மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை தேநீர் குடித்துக்கொண்டே, இலக்கு இல்லாத மனிதன் எங்கேயும் போய்ச் சேர மாட்டான் என்றார். எனக்குப் பொறி தட்டியது. எங்கேயும் போகாத மனிதர் ஒருவர் எங்கள் பின்னறையில் படுத்திருக்கிறாரே. அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஐயா உங்கள் இலக்கு என்ன என்று கேட்டால் என்ன சொல்வார்? ஒரு சுவரில் ஆரம்பித்து வீடு முழுக்க இடித்துப் பாதி கட்டி வைத்திருப்பவர் வேறு என்ன சொல்ல முடியும்? வீட்டை முடித்துக் குடிபோக வேண்டும் என்று தன் வாயாலேயே சொல்வார். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கென்றே செய்த திட்டம்.

மாப்பிள்ளையை மாடிப்படிக்கு அழைத்துப் போனேன். படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்தபடியே, உங்கள் பாடத்தை நம் வீட்டிலும் ஒரு தடவை நடத்தக் கூடாதா என்று கேட்டேன். மாப்பிள்ளை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒரு சங்கதி மட்டும் நானே சேர்த்தேன். எல்லோரும் எழுதியதை நான் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிடுகிறேன். என் கடை வழக்கம் எல்லோருக்கும் தெரியும். பின்னட்டை ஒட்டின பிரேமை எந்தக் காரணத்துக்காகவும் நான் பிரிக்க மாட்டேன். ஆகவே, எழுதியது எழுதியதுதான். பிற்பாடு யாரும் பல்டி அடிக்க முடியாது.

இதைக் கேட்ட என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ரொம்ப நல்ல யோசனை என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் யோசனை எதையும் அவள் நல்லது என்று சொன்னதில்லை. அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கூட்டம் கூடியது. மைத்துனரைத் தலையணையோடு அழைத்து வந்து உட்கார வைத்தோம். மாப்பிள்ளை நின்றுகொண்டே பேசினார். இலக்கு என்றால் அது தெளிவாக இருக்க வேண்டுமாம். அளக்கக்கூடியதாக இருக்க வேண்டுமாம். நம் கையால் ஆகக்கூடியதாக இருக்க வேண்டும், அடுத்தவர் செய்ய வேண்டியதை நம் இலக்காக எழுதக் கூடாதாம். கடைசியாக, அதற்கு ஒரு தேதி வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. என்ன படம், என்ன அளவு, என்றைக்கு வேண்டும் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை எந்தக் கம்பெனியும் கூப்பிட்டு மாலை போடவில்லை.

பெரியவர் என்பதால் என்னைத்தான் முதலில் கேட்டார்.

"வீட்டுல எல்லாரும் நிம்மதியா இருக்கணும்" என்றேன்.

"அது ஆசை மாமா. இலக்கு இல்லை. நிம்மதியை எப்படி அளப்பீங்க?"

அளவு தெரியாதவன் என்று என்னை யாரும் இதுவரை சொன்னதில்லை. ரோஷத்தோடு, கண் ஆஸ்பத்திரிக்கு நாற்பது பிரேம், முதல் தேதிக்கு முந்தின நாள், என் கையால் என்றேன். மாப்பிள்ளை பாராட்டினார். அதற்குத் தடையாக என்ன இருக்கிறது என்று அடுத்த கேள்வி. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையின் மிகப் பெரிய துணிச்சலை அப்போதுதான் காட்டினேன்.

"மேசை" என்றேன்.

மைத்துனர்தான் முதலில் பேசினார். மேசை இல்லாமல் அத்தான் ரொம்பக் கஷ்டப்படுகிறார், நான் கண்ணாரப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அனுதாபப்பட்டார். மேலேயிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாகத் தெரியும்தானே.

மற்றவர்கள் கதை சீக்கிரம் முடிந்தது. மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள்; பக்கத்தில் பயிற்சியாளர் இல்லாமல், பயப்படாமல் ஓட்ட வேண்டும் என்றாள். ஏணிக்காரர் வயிற்றைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, பெல்ட்டில் எந்தத் துளை வரைக்கும் என்பதையும் எழுந்து நின்று காட்டினார். மாப்பிள்ளை தானும் ஓர் இலக்கு வைத்தார். சாயங்காலம் ஆனால் செல்போனைத் தொடுவதில்லை என்று. மகள் சிரித்த சிரிப்பில் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

மைத்துனர் முறை வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"வீட்டு வேலையை முடிச்சு, முதல் தேதிக்குள்ள குடிபோயிடணும்" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தேன். தேதியோடு சொல்லிவிட்டார். அவர் தாளை வாங்கி நானே நல்ல எழுத்தில் எழுதினேன்.

கடைசியில் என் மனைவி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, எனக்கென்ன இலக்கு இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

"உங்க அஞ்சு பேர் இலக்கும் நிறைவேறணும். அதான் என் இலக்கு."

மாப்பிள்ளை உருகிப்போனார். பெரிய பெரிய மேனேஜர்கள்கூட இப்படிச் சொன்னதில்லை, இதற்குப் பேர் தொலைநோக்கு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் சொன்னால் அது வெறும் ஆசை. அதையே அவள் சொன்னால் தொலைநோக்கு. பிரேம்காரனுக்கு ஒரு நியாயம், பிரேம்காரன் பெண்டாட்டிக்கு ஒரு நியாயம்.

"அளக்கறதுக்கு என்ன அத்தை பண்ணலாம்?" என்று பயபக்தியோடு கேட்டார் மாப்பிள்ளை.

"முதல் தேதிக்குள்ள அஞ்சு பிரேம்லயும் அஞ்சு டிக் போடணும். அளந்தாச்சா? என் கையால ஆகணும்னீங்களே. அப்போ யார் யாருக்கு என்ன வேலைங்கறதை நான் பிரிச்சுக் குடுக்கலாமில்ல?"

எல்லோரும் சம்மதித்தார்கள். நானும் தலையாட்டினேன். என் கவனமெல்லாம் மைத்துனரின் தாளில் இருந்தது. மை காய்ந்துவிட்டதா என்று ஊதிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே தரையில் குந்தி ஆறு பிரேமையும் போட்டு, பின்னட்டை ஒட்டி, மட்டம் பார்த்து மாட்டினேன். ஒரு நூல்கூடச் சாயவில்லை.

மறுநாள் காலையில் பின்னறைக்குப் போனால், மேசை காலியாக இருந்தது. தலையணை இல்லை. விரிப்பு இல்லை. என் மனைவி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ தெய்வம் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தேன்.

"தம்பி படுக்கறதுக்கு உங்க கட்டிலைக் குடுத்திருக்கேன். மெத்தையை எடுத்துட்டேன். பலகை கெட்டியாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்போ நான்?"

"மேசை காலியாகணும்னுதானே கேட்டீங்க? காலியாயிடுச்சு. கட்டிலைப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதலையே."

சரி, மேசை கிடைத்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டு அளவுகோலை எடுத்தேன். அதை என் கையிலிருந்து வாங்கி, மட்டம் பார்க்கும் கருவியையும் சேர்த்து ஒரு பையில் போட்டு, பையைத் திரும்ப என்னிடமே கொடுத்தாள். தம்பி வீட்டுக் கொத்தனார் சுவரைக் கோணலாக எழுப்புகிறாராம். ஆள் நின்று பார்க்காததால்தான் வேலை இழுத்துக்கொண்டே போகிறதாம். ஒரு கோணலைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாத மனிதர் ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான் என்றாள். அவள் என்னைப் புகழ்ந்து நான் கேட்டது குறைவு. ஒரு நிமிஷம் மயங்கிவிட்டேன்.

"நான் அங்க போயிட்டா பிரேம் யார் போடறது?"

"நானும் தம்பியும்."

"உன் தம்பிக்குத்தான் முதுகுவலியாச்சே."

"நின்னுக்கிட்டு வேலை செய்யலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"எப்போ சொன்னார்?"

"அப்பவே."

நான் கொதித்துப்போனேன். அப்பவே சொன்னதை இப்போது சொல்வானேன் என்று கேட்டேன். யாரும் அவனை நின்றுகொண்டு வேலை செய்யச் சொல்லவில்லையே என்றாள். வாஸ்தவம். பேச்சுவாக்கில் ஒரு பொய்கூடச் சொல்லமாட்டாள். அதுதான் அவளிடம் பெரிய தொந்தரவு.

இருந்தாலும் போனேன். ஏன் போனேன்? வீடு முடிந்தால் மனிதர் கிளம்புவார். வீட்டை முடிப்பது என் கையிலேயே இருக்கிறது. இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? பிரேமைப் பொறுத்தவரை, அவர்கள் இரண்டு பேரும் முதல் மூலையிலேயே தோற்றுப்போய் என்னைத் தேடி ஓடி வருவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அவள் எத்தனையோ வருஷமாகப் பின்னட்டை ஒட்டுவாள், கண்ணாடி துடைப்பாள். வெட்ட மட்டும் நான் விட்டதில்லை. வெட்டு என்பது கையில் வர வேண்டும்.

வாசலில் கார் நின்றிருந்தது. ஓட்டுகிற இடத்தில் மகள். பயிற்சியாளர் இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பதுதானே அவள் இலக்கு. அவளுக்குத் தினமும் போய்வர ஓர் இடம் வேண்டும், எனக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று என் மனைவி முடிச்சுப் போட்டுவிட்டாள். அந்தக் கார்ப் பயணத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. என் பக்கம் பிரேக் கிடையாது. கிடையாது என்று தெரிந்தும் போகும் வழியெல்லாம் மிதித்துக்கொண்டே போனேன். "அப்பா, நீங்க மிதிக்கிறதைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவள் பயப்படாமல் ஓட்டினால்தான் டிக். அதனால் காலை மடக்கிக் கையால் பிடித்துக்கொண்டேன்.

மைத்துனர் வீட்டில் எனக்கு முன்னால் ஏணிக்காரர் நின்றிருந்தார். என் ஏணியும் நின்றிருந்தது. வெகுநாள் கழித்து நான் அதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். வயிறு குறைய வேண்டுமென்றால் நடந்தால் போதாது, சுமக்க வேண்டும் என்று அவரிடம் என் மனைவி சொல்லியிருக்கிறாள். மணலைக் கூடையில் அள்ளி மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் வேலை விட்டதும் மாப்பிள்ளை வந்து சேர்வார். ஜன்னல் கம்பிக்கு வர்ணம் அடிப்பார். இரண்டு கையிலும் பச்சை. அந்தக் கையோடு செல்போனைத் தொட முடியாது.

எனக்கும் கொத்தனாருக்கும் முதல் நாளே மோதல். அவர் எழுப்பிய சுவரில் கருவியை வைத்தேன். நடுவில் நிற்க வேண்டிய குமிழி ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. வானத்தைப் பார்த்து, சுவர் சாய்கிறது என்றேன்.

"பெரியவர் என்ன, இன்ஜினியரா?"

"பிரேம் போடறவன்."

"சுவருக்குமா?"

கதவு நிலையும் பிரேம்தான் என்றேன். நிலையை அளந்தேன். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. என்னால் தாங்க முடியவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மனிதர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, பிரித்துவிட்டுத் திரும்ப வையுங்கள் என்று சொன்னேன். கொத்தனார் அசந்துபோனார். நானும் அசந்துபோனேன். அன்றிலிருந்து அங்கே வேலை நடந்தது. நான் நிற்கிற இடத்தில் கோணல் நிற்காது. மைத்துனர் குடியிருக்கப் போகிற வீட்டில் ஒரு செங்கல்கூட என் அனுமதி இல்லாமல் திரும்பிப் படுக்கவில்லை.

ஆனால் வீட்டுக்குத் திரும்பினால் என் உடம்பில் எலும்பு எத்தனை என்று தனித்தனியாகத் தெரிந்தது. கூடத்தில் பாயில் படுத்துக்கொண்டு, உள்ளே என் கட்டிலில் மைத்துனர் விடும் குறட்டையைக் கேட்பேன். முன்பு மேசை மேல் விட்டதைவிட இது கொஞ்சம் கம்பீரமாக இருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், என் இலக்கைக் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொள்கிறேனே என்று மனைவியிடம் கேட்டேன். நாளைக்கு நான் பிரேம் வேலைக்கு வருகிறேன், கொத்தனாரை உன் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்.

அவள் சுவரைக் காட்டினாள். "பின்னட்டை ஒட்டியாச்சே."

கடை வழக்கம் நான் வைத்தது.

பிறகுதான் பின்னறைக்குப் போய் முடிந்திருந்த பிரேம்களைப் பார்த்தேன். பார்த்தேன் என்பது தவறு. தவறு தேடினேன். ஒரு மூலையாவது இடைவெளி விட்டிருக்காதா? ஒரு கண்ணாடியாவது கீறலாக இருக்காதா? விளக்கை அருகில் கொண்டுபோய், நகத்தால் தடவி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு மூலையும் முடி நுழையாமல் சேர்ந்திருந்தன. மைத்துனர் அறுத்த கண்ணாடி தண்ணீர் மாதிரி இருந்தது. நிமிர்ந்தால் கதவோரம் அவள் நிற்கிறாள்.

"ஏதாவது குறை இருக்கா?"

"தேடிட்டிருக்கேன்" என்றேன்.

"நிதானமாத் தேடுங்க. இத்தனை வருஷம் உங்க பக்கத்துல நின்னு பார்த்ததுதான். வெட்டவே விட்டதில்லை நீங்க" என்றாள். இந்த ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கேலி இல்லை. நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கோபப்படுவதற்கு ஒரு காரணம்கூட வைக்காமல் வேலை செய்திருந்தாள். அதற்காகவே கோபப்பட்டேன்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வந்தது. மைத்துனர் வீட்டில் கடைசிக் கதவையும் மாட்டினோம். திறந்தால் நின்ற இடத்தில் நின்றது. கொத்தனார் என் கையைப் பிடித்து, அடுத்த கட்டடத்துக்கும் வருகிறீர்களா என்று கேட்டார். மகள் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி என்னை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். எனக்கும் பாட வேண்டும் போல இருந்தது. 'ஒரு வாரம்' முடிந்துவிட்டது. இனிமேல் அறை என்னுடையது. மேசை என்னுடையது.

வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. மைத்துனரின் பை முன்னால் இருந்தது. பின்னால், கால் மேலே தலை கீழே, என் மேசை இருந்தது.

நான் லாரியைச் சுற்றி வந்தேன். வாசல் படியிறங்கி வந்த என் மனைவியை நேராகவே பார்த்தேன். கொத்தனாரிடம் பழகிய பழக்கம்.

"மேசை எங்க போகுது?"

"தம்பிகூட. அதுல படுத்தப்புறம்தான் அவனுக்கு முதுகுவலி நின்னுச்சு. புது வீட்டுக்குப் போறவனுக்கு நாம ஒண்ணும் குடுக்கலையே. தவிர, அவன் வீட்டு முன்னறை எவ்வளவு அகலம், எவ்வளவு வெளிச்சம். நீங்களே நின்னு கட்டின அறை. ஆஸ்பத்திரிக்காரங்க இன்னொரு மாடிக்கும் கேட்டிருக்காங்க. பகல்ல அங்கேயே வெச்சு நாங்க வேலை செஞ்சுக்கறோம்."

மைத்துனர் லாரியில் ஏறுவதற்கு முன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அத்தான் இல்லாவிட்டால் இந்த வீடு முடிந்திருக்காது என்று கண் கலங்கினார். உண்மை. அதனால் எனக்கும் கலங்கியது.

லாரி திரும்பியதும் என் மனைவியிடம் கேட்டேன். உன் தம்பி இங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று நான் நினைத்தது உனக்குத் தெரியுமா?

"நீங்க சுவர்கிட்ட பேசினா எனக்குக் கேக்காதா? நானும் அதைத்தான் நினைச்சேன். போடான்னு சொன்னா அவன் மனசு நோகும். வீட்டை முடிச்சுக் குடுத்தா அவனே சந்தோஷமாப் போவான். அதுக்கு உங்களை மாதிரி ஒரு ஆள் வேணும். கேட்டா வர மாட்டீங்க."

"அப்போ அந்தக் கூட்டம்?"

"மாப்பிள்ளைகிட்ட நான்தான் முதல்ல சொன்னேன். நடத்தறேன்னு குதிச்சார். கொஞ்சம் பொறுங்க, மாமாவே வந்து கேப்பார்னு சொல்லி வெச்சேன்."

படிக்கட்டில் என் இரண்டு கைகளையும் மாப்பிள்ளை பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. நன்றி என்று நினைத்திருந்தேன். அனுதாபம்.

கூடத்துக்கு வந்தோம். என் மனைவி பேனாவை எடுத்தாள். கண்ணாடி மேலேயே டிக் போட்டுக்கொண்டு போனாள். மகளுக்கு ஒன்று. ஏணிக்காரருக்கு ஒன்று, அவர் காட்டிய துளையையும் தாண்டி அடுத்த துளைக்குப் போயிருந்தார். மாப்பிள்ளைக்கு ஒன்று. தம்பிக்கு ஒன்று. என் பிரேமுக்கு எதிரே வந்து பேனாவை மூடிவிட்டாள்.

"ஏன்? ஆர்டர்தான் முடிஞ்சு போச்சே" என்றேன்.

"'என் கையால்'னு எழுதியிருக்கீங்க. இதுவரைக்கும் ஒரு பிரேமைக்கூட நீங்க தொடலையே."

நான் தொடுவதற்கு நீ எங்கே விட்டாய் என்று சத்தம் போட்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குப் போட்டேன். கூச்சமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மணல் யார் வீட்டு மணல், சுவர் யார் வீட்டுச் சுவர், கட்டில் யாருடைய கட்டில், மேசை யாருடைய மேசை என்று வரிசையாகக் கேட்டேன். என் ஆயுளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. அவள் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்க இலக்கு மட்டும் நிறைவேறாமப் போனா என் இலக்கும் போச்சே. அதை யோசிக்காம இருப்பேனா? ஒண்ணே ஒண்ணாவது உங்க கைபடணும்னு தனியா நிறுத்தி வெச்சிருக்கேன். முழு டிக் வராது. நாற்பதுல ஒரு பங்கு போடலாம்னு மாப்பிள்ளை சொல்லிட்டார். மேலாளர்கிட்ட விடியற வரைக்கும் டயம் கேட்டு வாங்கியிருக்கேன், அதுக்குள்ள எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பின்னறைக்குப் போனேன். நடுவில் தரை மட்டும் இருந்தது. அறை கண்ணுக்குப் பெரியதாகத் தெரிந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்ததை ஒன்று விடாமல் எண்ணினேன். பிறகு குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைத் தரையில் கிடத்தினேன்.

முடிந்தவை முப்பத்தொன்பது. மீதி ஒன்று.